இளைஞர்கள் ஓட்டுப் போட வரவில்லை என்பது தவறு
2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் இளைஞர்கள் வாக்களிக்க வராததால்தான் கமலா ஹாரிஸ் தோற்றார் என்கிறீர்கள். மன்னிக்கவும், இது சரியில்லை. 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் வாக்களித்ததாக டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணித்தது. 2020ல் இருந்த 50ஐ விடக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் 2016ல் இது 39 சதவீதமாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதில்தான் பெரிய மாற்றம். வாக்குச்சாவடி கருத்துக்கணிப்புப்படி 2020ல் பைடனுக்கு இந்த வயதினரிடம் 60 சதவீதம் கிடைத்தது, ஹாரிஸுக்கு 54தான். டிரம்ப் 36லிருந்து 43க்கு ஏறினார், அதிலும் இளம் ஆண்கள் அவர் பக்கம் நன்றாகவே சாய்ந்தார்கள். அப்போதும் பெரும்பான்மை ஹாரிஸுக்குத்தான், அதனால் இளைஞர்கள் மொத்தமாகக் கட்சி மாறிவிட்டார்கள் என்று சொல்வதும் தப்பு.

அப்புறம், வராதவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. டெக்சாஸில் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். வேறு கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) அறை மாறினால் புது முகவரியில் வாக்காளராக மறுபடி பதிய வேண்டும், அதுவும் நவம்பர் தேர்தலுக்கு 30 நாள் முன்பே. வாக்குச்சாவடியில் அவளுடைய கல்லூரி அடையாள அட்டை செல்லாது, ஆனால் கைத்துப்பாக்கி உரிமம் செல்லும். இளைஞர்களை வளைக்க நினைக்கும் எந்தப் பிரச்சாரக் குழுவும் விளம்பரத்துக்குக் கொட்டுவதில் ஒரு பங்கையாவது செப்டம்பரிலேயே இந்தப் பதிவு வேலைக்குச் செலவழிக்க வேண்டும்.