பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதாதீர்கள்

அந்தப் புகைப்படத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வகுப்புக் கரும்பலகை, 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே பெயர்கள், ஒரு பெயருக்குப் பக்கத்தில் '×5'. அதைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதே தப்பு. அங்கிருந்து ஊரெல்லாம் சுற்றிவிட்டது. கீழே சிரிக்கும் பொம்மைகள். "எங்க காலத்துலயும் இதே கதைதான்" என்று பெருமை வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சொன்னதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை: சின்னப் பிள்ளை நல்லது செய்யும்போது கவனித்து, அதை அவனிடமே சொல்லுங்கள். தப்பு செய்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஊரைக் கூட்டாதீர்கள்.

பெயர் எழுதுவது யார் தெரியுமா? லீடர். அவனுக்கும் ஏழு வயதுதான். கையில் சாக்பீஸ் வந்ததும் பிடிக்காதவன் பெயர் முதலில் ஏறும். மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும். 'அமைதியாக இருந்தவர்கள்' என்று தலைப்புப் போட்டு எந்த லீடரும் பெயர் எழுதி நான் பார்த்ததில்லை.

என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். ஒரு இடத்தில் உட்கார மாட்டான், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவான். ஒருநாள் மதிய உணவு முடிந்து தட்டு கழுவும் இடத்தில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் திரும்பி வந்து, எம்பி, இரண்டு கையாலும் திருகி மூடினான். "நீ குழாயை மூடினதைப் பார்த்தேன்டா" என்றேன். அவ்வளவுதான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அப்படி ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நாளிலிருந்து குழாய்க்கு அவன்தான் காவல். சேட்டை போய்விட்டதா? இல்லை, இன்னும் செய்கிறான். ஆனால் கூப்பிட்டால் என் முகத்தைப் பார்க்கிறான். முன்பெல்லாம் தரையைத்தான் பார்ப்பான்.

உடனே ஒருவர் வருவார், "அடியாத மாடு படியாது" என்று. மாட்டையே அடிக்கக் கூடாது என்கிறோம், இது பிள்ளை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பெயரை எழுதி ஊருக்குக் காட்டுவது அதில் வராதா? "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று ஒப்படைத்துவிட்டுப் போகும் பெற்றோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சரி, ஸ்டார் ஒட்டலாமே, பரிசு கொடுக்கலாமே என்பார்கள். எப்போதாவது கொடுங்கள், தப்பில்லை. ஆனால் 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தது வேறு. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அப்படியே கொடுத்த பிள்ளைகளுக்குப் பிறகு வரையும் ஆசையே குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களிடம் அப்படி ஆகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், விலை பேசாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், போதும்.

"செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

"இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அன்பாகப் பேச நேரம் ஏது?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அதுதான் வலிக்கிறது. சட்டப்படியே ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் போதும். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். சாக்பீஸ் லீடர் கைக்குப் போவது அந்த நேரத்தில்தான். ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளை பேசாமல் என்ன செய்யும்? நாம் ஆள் போடாததற்கு அவன் பெயரை எழுதுகிறோம்.

இன்னொரு ஆசிரியர் எப்போது வருவார் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வருவதே நாலைந்து அம்மாக்கள். அவர்களும் நூறு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் கிளம்புகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் ஒழுக்கம் பற்றி இவ்வளவு எழுதுகிற அப்பாக்கள் ஒருவரையும் அங்கே நான் பார்த்ததில்லை.