மவுஸ் தானாகப் பேசாது
'மவுஸை அசைத்ததும் அதுவே கணினிக்குத் தகவல் அனுப்பிவிடும்' என்று யூஎஸ்பி பற்றிய கட்டுரையில் இருக்கிறது. அங்கே மட்டும் ஒரு திருத்தம். யூஎஸ்பி என்பது கணினியில் கருவிகளைச் செருகும் இணைப்பு முறை; அதன் 2.0 பதிப்பு வரை, கேட்காமல் எந்தக் கருவியும் வாய் திறக்காது. கணினிதான் 'ஏதாவது உண்டா?' என்று விநாடிக்குப் பல தடவை கேட்டுக்கொண்டே இருக்கும். இருந்தால் கருவி தரும், இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணே, சார்ஜ் ஏறுது, போட்டோ மட்டும் வர மாட்டேங்குது" என்று தினமும் யாராவது போனோடு வருவார்கள். பாதி நேரம் குற்றம் கேபிளில்தான். முறையான 2.0 கேபிளில் நாலு கம்பி: சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவு கேபிள் சிலவற்றில் அந்தப் பச்சை, வெள்ளையே இருக்காது. வெட்டிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்!

அந்த இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல் ஒன்றுக்கொன்று தலைகீழாக (ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கி) ஓடும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது அது கழிந்துவிடும். செருகியதும் கருவி 1.5 கிலோ ஓம் மின்தடையால் இவற்றில் ஒன்றின் வோல்டேஜை மேலே இழுக்கும்; அதை வைத்துத்தான் கணினி கருவியை அடையாளம் காணும். வெள்ளை என்றால் பழைய மவுஸ் போன்ற மெதுவான கருவி, பச்சை என்றால் வேகமானது. அப்புறம்தான் கணினி அதற்கு 1 முதல் 127 வரை ஒரு எண் கொடுக்கும். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்புக்கும் அதில் ஒரு எண் போய்விடும்.

பழைய செவ்வகப் பிளக் கையில் இருந்தால் உள்ளே பாருங்கள். ஓரத்து இரண்டு தகடுகள் சற்று நீளம். மின்சாரம் முதலில் தொட வேண்டும், பேச்சு பிறகு.