அது ஆறரை மணி நேரம் இல்லை, பதினொன்று

"கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் பகல் 1 மணிக்கு விமானம் ஏறினால் இரவு 7.30க்கு லண்டன், ஆறரை மணி நேரம்தான்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்த 7.30 லண்டன் நேரம். கோடையில் அவர்கள் இலங்கைக்கு நாலரை மணி நேரம் பின்னால். அதையும் கூட்டினால் 11 மணி நேரம். தூரமே ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர்! திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும்.

எங்கள் அம்மா போனபோது மணிக்கூட்டை மாற்றவில்லை. இறங்கும்போது அதில் நள்ளிரவு 12. சீனி வருத்தக்காரர். இரவுக் குளிசை கைப்பையில் இருந்ததால்தான் நேரத்துக்குப் போட முடிந்தது. வயதானவர்களை அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடாதீர்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக எயார்போர்ட் போகவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.