மூணு நம்பர் இன்னும் ஓடுகிறது
2003ல் தடை வந்ததோடு தமிழ்நாட்டில் லாட்டரி ஒழிந்தது என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைகளில் தொங்கிய சீட்டுதான் போனது, எங்கள் கும்பகோணம் பக்கம் மூணு நம்பர் லாட்டரி திருட்டுத்தனமாக இன்னும் ஓடுகிறது, கேரளா லாட்டரிக் குலுக்கலில் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத்தான் ஆட்டமே. நடவுக் கூலி வாங்கிய கையோடு நம்பர் எழுதப் போகும் என் சித்தப்பாவின் சட்டைப்பையில் அந்தத் துண்டுச் சீட்டு வியர்வையில் நைந்து கிடக்கும். மேலே கருத்து எழுதிய ஒருவர் ரொம்ப நாளாக வராத நம்பரைப் போட்டால் விழும் என்கிறார், சித்தப்பாவும் இதையேதான் சொல்வார். அப்படி எதுவும் இல்லைங்க, 000 முதல் 999 வரை எந்த எண்ணுக்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான், தினம் ஒரு நம்பர் என்று 365 நாளும் விடாமல் ஆடினாலும் ஒருமுறைகூட விழாமல் போக நூற்றுக்கு 69 வாய்ப்பு. சரி, விழுந்தே விட்டாலும் நம்பர் எழுதிக் கொடுத்தவன் பணம் தராவிட்டால் எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? சித்தியின் தோடு அடகுக் கடையிலேயே மூழ்கிப்போனது.