கேழ்வரகுக் களி தின்றால் மாதம் 10 கிலோ குறையுமா?

"மூன்று வேளையும் வயிறு நிறையக் களி சாப்பிடுங்க, மாதம் 10 கிலோ இறங்கும், நடக்கக்கூட வேண்டாம்" என்று பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

களி நல்ல சாப்பாடுதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி, அரிசியில் சுமார் 350, வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும், சரி. ஆனால் நொய் போட்டுக் கிண்டிய உருண்டையை எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பில் தொட்டு விழுங்கிவிட்டு, "இன்னும் ஒண்ணு போடுங்க" என்றால் எடை எப்படி இறங்கும்? அந்தக் காலத்தில் களி தின்றும் ஒல்லியாக இருந்தார்களே என்பார்கள். அவர்கள் தின்றுவிட்டுக் காட்டில் களை வெட்டப் போனார்கள், நாம் போனைத் தேய்க்கிறோம்.

அப்புறம் அந்த 10 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. மாதம் 10 கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் குறைக்கணும். பலர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதே அவ்வளவுதான். வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை இறங்கினாலே நல்ல வேகம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரைக் கடைசலும் முட்டையோ மொச்சையோ சேர்த்துக்கொள்ளுங்கள், டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். நடை முதலில் 10 நிமிடம் போதும். மெல்லக் கூட்டி, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்துக்கு வரலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.