பில்லியன் என்பது லட்சம் கோடி அன்று

‘ஒரு பில்லியன் என்பது லட்சம் கோடி; அதை நூறு கோடி என்று எழுதுவது பிழை’ என்று பரவிவரும் செய்தி தவறானது. இன்றைய ஆங்கிலத்தில் பில்லியன் என்பது 1-க்குப் பின் 9 சுழியங்கள் வரும் நூறு கோடியே. லட்சம் கோடியைக் குறிக்கும் சொல் டிரில்லியன். உலக மக்கள்தொகை 8 பில்லியனைக் கடந்தது என்றால் 800 கோடியைக் கடந்தது என்று பொருள். பரவும் கணக்கை நம்பினால் அது 8 லட்சம் கோடியாகிவிடும்.

இந்தக் குழப்பம் வெறுங்கற்பனையன்று. பிரிட்டனில் முன்பு பில்லியன் என்பது 12 சுழியங்களைக் கொண்ட எண்ணையே குறித்தது. அரசின் புள்ளிவிவரங்களில் அச்சொல் ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே ஆளப்படும் என்று 1974-இல் பிரதமர் ஹரால்டு வில்சன் தெளிவுபடுத்தினார். ஆகவே, பழைய பிரிட்டிஷ் நூல்களைப் படிப்பவர் சற்று நிதானிக்கத்தான் வேண்டும். ஜெர்மானியர்களுக்கோ ‘பில்லியோன்’ இன்றும் 12 சுழியங்கள்தான்.