நடராஜ் பென்சில் பேக்கிங் வேலை: வாட்ஸ்அப் செய்தி பொய்

"வீட்டிலிருந்தே நடராஜ் பென்சில் பேக் செய்தால் மாதம் 30,000 ரூபாய்" என்று இல்லத்தரசிகளைக் குறிவைத்துச் சுற்றும் செய்தி பொய். நடராஜ், அப்சரா பென்சில்களைத் தயாரிக்கும் இந்துஸ்தான் பென்சில்ஸ் இப்படி வீட்டு வேலை எதுவும் தருவதில்லை.

முதலில் பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கேட்பார்கள். கட்டியதும் அடையாள அட்டை, கூரியர், ஜிஎஸ்டி என்று தொகை ஏறிக்கொண்டே போகும். பென்சில் மட்டும் வராது. 'முன்பணம் அனுப்புகிறோம், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தவறு உங்களுடையதல்ல. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணுடன் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். மோசடிக்காரர்கள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்குள் சொன்னால் வங்கி அதை முடக்க வாய்ப்புண்டு.